ஆடிட் ஆன கம்பெனிதானே, அப்புறம் என்ன?

எங்க ராசிங்காபுரம் பக்கம் ஏலக்காய் விக்கணும்னா போடி ஏல மையம்தான். அங்க சாம்பிளைப் பார்க்காம எந்த வியாபாரியும் விலை கேட்க மாட்டார். நம்ம பசங்க மட்டும் சம்பளம் வந்ததும், "ஆடிட் ஆன கம்பெனிதானே"ன்னு கண்ணை மூடிட்டு ஷேர் வாங்கிடறாங்க.

சத்யமும் ஆடிட் ஆன கம்பெனிதான். கணக்குல காட்டின ரொக்கம், பேங்க் இருப்புல 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லைன்னு 2009 ஜனவரி 7 அன்னைக்கு ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதினார். பேங்க்ல எவ்வளவு இருக்குன்னு ஆடிட்டர் பேங்க்கிட்டயே நேரடியா கேட்டு வாங்கணும். எங்க தொழில்ல இது அரிச்சுவடி. ஆனா அந்த வேலையையே கம்பெனி கையில விட்டுட்டாங்கன்னு சொல்லி, பிரைஸ் வாட்டர்ஹவுஸ் இந்திய நிறுவனங்களுக்கு அமெரிக்காவின் எஸ்.இ.சி. 2011-ல 60 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

ஆடிட்டர் தர்றது நியாயமான அளவு உறுதி மட்டும்தான், கேரண்டி இல்லை. அதனால ரிப்போர்ட் வேண்டாம்னு சொல்லலை. முழுசா படிங்கன்னு சொல்றேன். முக்கியமா, பின்னாடி வர்ற காரோ இணைப்பு. உங்க சம்பளத்துல பிடிச்ச பி.எஃப். ஆறு மாசத்துக்கு மேல கட்டாம கிடந்தா, அது அங்க வந்தாகணும்! உங்க கம்பெனி லிஸ்ட் ஆகலைன்னாலும் எம்.சி.ஏ. தளத்துல 100 ரூபாய் கட்டிப் பார்க்கலாம். ரொம்பச் சின்ன கம்பெனிகளுக்கு இந்த இணைப்பு கிடையாது. அங்க வேலை பார்க்கறவங்க பி.எஃப். பாஸ்புக்கை மாசாமாசம் திறந்து பாருங்க.