எல்லா மயக்கமும் ‘லோ பிபி’ அல்ல

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் கோடைக்காலத்தில் யாராவது தலைசுற்றி விழுந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் உடனே சொல்வது இதுதான்: “லோ பிபி. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு உப்பு தூக்கலாப் போட்டுக் குடு, சரியாயிடும்.” பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. அதனாலேயே இந்த நம்பிக்கை இப்படி வேரோடிப் போயிருக்கிறது. ஆனால் விழுந்தவர் தெளிந்ததற்கு முதல் காரணம், அவர் கொஞ்ச நேரம் படுத்திருந்தது. படுத்தால் மூளைக்கு ரத்தம் சுலபமாகப் போய்ச் சேரும்.

அளவு குறைந்தாலே நோய் என்பது முதல் தவறு. 90/60க்குக் கீழே இருந்தால் குறைந்த ரத்த அழுத்தம் என்பது பொதுவான கணக்கு. ஒல்லியான இளம்பெண்கள் பலருக்கு வருடக்கணக்காக அதை ஒட்டியே இருக்கும். தொந்தரவு இல்லையென்றால் வைத்தியமும் வேண்டாம். வழக்கமாக 150 இருப்பவருக்குத் திடீரென்று 100 ஆனால்தான் கவலைப்பட வேண்டும்.

“உடம்புல ரத்தம் இல்ல, அதான் பிரஷர் இறங்கிடுச்சு” என்பது அடுத்தது. ரத்தசோகை வேறு, ரத்த அழுத்தம் வேறு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. அவர்களுடைய களைப்புக்கும் கிறுகிறுப்புக்கும் லோ பிபி என்று பெயர் வைத்து, உப்புத் தண்ணீர் கொடுத்து வேலைக்கு அனுப்புகிறோம். எவ்வளவு உப்புப் போட்டாலும் ஹீமோகுளோபின் ஏறாது. இது எனக்கு ஆறாத ஆதங்கம்.

“பிரஷர் பார்த்தாச்சு, 120/80, ஒண்ணுமில்ல” என்று சொல்லி அனுப்புவதும் போதாது. குத்துக்காலிட்டு அச்சில் களிமண் குழம்பு ஊற்றிக்கொண்டிருப்பவர் சட்டென்று எழுகிறார். அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்தை ஒட்டிய பெருந்தமனியிலும் உள்ள உணர்விகள் அதைக் கண்டுகொண்டு, இதயத்தை வேகப்படுத்தி, ரத்தக்குழாய்களை இறுக்கும். ஆனால் சூளைச் சூட்டில் உடம்பைக் குளிர்விக்கத் தோலின் குழாய்கள் விரிந்து கிடக்கின்றன. வியர்வையில் நீரும் உப்பும் போய்விட்டன. இறுக்கம் போதாமல் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. உட்கார வைத்துப் பார்த்தால் இது பிடிபடாது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுபடி அளக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், எழும்போது அழுத்தம் விழுகிறது என்று பொருள்.

இவருக்கு நிழலும் தண்ணீரும் வேண்டும். நிறைய வியர்த்திருந்தால் ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்த ஓஆர்எஸ் கொடுக்கலாம். உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்பவாதம். வாயில் எதையும் ஊற்றாமல், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிட வேண்டும்.

“மாத்திரையாலதான் இறங்குது, நிறுத்திடு” என்பதுதான் இவற்றில் ஆபத்தானது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஒரு நாள் தலைசுற்றியதும் அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு, உப்பையும் கூட்டுகிறவர்கள் பக்கவாதத்துக்கு வழிவிடுகிறார்கள். சுற்றுவது நீர் பிரிய வைக்கும் மாத்திரையாலா, புராஸ்டேட் மாத்திரையாலா, அளவு கூடிப்போனதாலா என்று மருத்துவர்தான் பார்த்து மாற்ற வேண்டும்.

“ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க” என்று கேட்பவர்களுக்கு: 5 சதவீத அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரைதான், உப்பே கிடையாது. வாயால் குடிக்க முடிகிறவருக்கு ஊசி எதற்கு?

கடைசியாக டெங்கு. காய்ச்சல் விட்டதும் பிழைத்துவிட்டோம் என்று நினைக்கிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும். அப்போது 100/80 என்று வந்தால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு எண்ணுக்கும் இடைவெளி 20க்குச் சுருங்கிவிட்டது, அது அதிர்ச்சி நிலை. கை கால் ஜில்லிட்டு, வயிறு வலித்து, வாந்தி நிற்காமல் இருந்தால் எலுமிச்சம்பழத்தைத் தேடாதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.