கணக்குக் கேட்கும் உரிமை

நாங்குநேரியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் தெருவிளக்கு எரியவில்லையென்றால் நாம் ஊராட்சித் தலைவரின் வீட்டுத் திண்ணைக்கே சென்று கேட்கிறோம். "அடுத்த முறையும் ஓட்டுக் கேட்டு வருவீரல்லவா?" என்னும் ஒரு சொல் போதும், அவருக்குப் புரிந்துவிடும். 2021 அக்டோபரில் அவரை நேரடியாக வாக்களித்துத் தெரிவு செய்தவர்கள் நாமல்லவா? வடக்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டரில் உள்ள திருநெல்வேலி மாநகர மக்களுக்கோ இந்த உரிமை இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி அவர்கள் 4,73,637 பேர். சில நூறு வீடுகள் கொண்ட ஊருக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் அறிவு உண்டு, மாநகருக்கு மட்டும் இல்லை என்று சொல்கிறதா நம் சட்டம்? (நாங்குநேரிப் பேரூராட்சிக்கும் இதே கதிதான் என்பதை வெட்கத்துடன் சேர்த்துக்கொள்கிறோம்.)

என்றும் இப்படி இருந்ததில்லை. 1996-இலும் 2001-இலும் மேயரை மக்களே தேர்ந்தெடுத்தனர். சென்னையில் 1996-இல் வென்ற மு.க. ஸ்டாலின், ஐந்தாண்டுப் பணியை முன்வைத்து 2001-இல் மீண்டும் மக்கள் முன் நின்றார்; மக்கள் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். அவரை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் கருத்து. பதவியிலிருப்பவர் மறுபடியும் வந்து நின்றதால், அவரை எடைபோட வாக்காளனுக்கு ஒரு நாள் வாய்த்தது என்பதே நமக்கு முக்கியம். 2002-இல் வந்த இரட்டைப் பதவித் தடைச் சட்டம் அந்தத் தீர்ப்பையும் பொருளற்றதாக்கியது.

அதன்பின் நடந்ததோ பந்தாட்டம். 2006-இல் மறைமுகம், 2011-இல் நேரடி, 2016-இல் சட்டம் மீண்டும் மறைமுகம், 2018-இல் நேரடி, 2019 நவம்பரில் அவசரச் சட்டத்தால் மறுபடியும் மறைமுகம். அரசியல் சாசனத்தின் 74-ஆம் திருத்தம் தலைவர் தேர்வு முறையை மாநிலங்களிடம் விட்டது. மாநிலத்தை ஆண்டவர்களோ அதைத் தம் வசதிக்கு வளைத்தனர். இரு கழகங்களும் இதில் பங்காளிகளே.

மேயர் ஒரு கட்சி, மன்றப் பெரும்பான்மை வேறு கட்சி என்றால் நிர்வாகம் முடங்கும் என்பது மறைமுகத் தேர்தலுக்குச் சொல்லப்படும் காரணம். நெல்லையைப் பாருங்கள். 2022-இல் மேயரும் பெரும்பான்மை உறுப்பினரும் ஒரே கட்சியினர். ஆனால் மேயர் பி.எம். சரவணன் மீது 2024 சனவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொணர்ந்தவர்கள் அவர் கட்சி உறுப்பினர்களே! தீர்மானம் நிறைவேறவில்லை, சூலையில் அவர் பதவி விலகினார், ஆகஸ்டில் கோ. ராமகிருஷ்ணன் மேயரானார். 55 வார்டுகளின் வாக்காளர்கள் இவை அனைத்தையும் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டனர். சரவணன் நல்லவரா, குறைபாடுள்ளவரா என்று அவர்களிடம் எவரும் கேட்கவில்லை.

1994-இல் மாநகராட்சியான நெல்லையில் இன்றுவரை ஒரு மேயரும் இரண்டாம் முறை அப்பதவிக்குத் தேர்வாகவில்லை. இட ஒதுக்கீட்டுச் சுழற்சியும் ஒரு காரணம். அதை நாம் குறைகூறமாட்டோம். ஆனால் திரும்பி வந்து நிற்க வேண்டியதில்லை என்று அறிந்தவருக்குத் தாமிரபரணியில் கலக்கும் சாக்கடை ஏன் உறுத்த வேண்டும்?

நேரடித் தேர்தல் எல்லா நோய்க்கும் மருந்தென்று நாம் கூறவில்லை. அம்முறை இருந்த 2014-இலேயே, நெல்லை மேயர் இடைத்தேர்தலில் பிற வேட்பாளர்கள் களத்தில் இல்லாமற்போக, புவனேஸ்வரி போட்டியின்றித் தேர்வானார். வாக்குச்சீட்டு இருந்தும் வாக்களிக்க வழியில்லை. எனினும் அன்று கதவு சாத்தப்பட்டிருந்தது. இன்று கதவே இல்லை.

ஆகவே சட்டமன்றத்துக்கு வாக்குக் கேட்டு நாங்குநேரிக்கு வருவோரிடம், எக்கட்சியினராயினும், நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: மேயரையும் பேரூராட்சித் தலைவரையும் மக்களே தேர்ந்தெடுக்கும் சட்டத்துக்கு நீர் கை உயர்த்துவீரா? பதிலை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.