பெயரை நம்பித் தழை போடலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஐந்து வெள்ளாடுகள் வளர்க்கிறேன். கோடையில் தழை கிடைப்பதில்லை. சோலை ஓரத்தில் காட்டுப்பூவரசு நிறைய இருக்கிறது. ஊர்நாட்டில் பூவரசந்தழையை ஆடு நன்றாகத் தின்னும். இதையும் போடலாமா?
– வாசகர், நீலகிரி மாவட்டம்

பதில்: வேண்டாம். ஒரு கொத்துகூடப் போடாதீர்கள்.

இரண்டுக்கும் பெயர்தான் ஒன்று; உறவு கிடையாது. பூவரசு, பருத்தி, வெண்டை குடும்பம். இலை இதய வடிவம், பூ மஞ்சள். காட்டுப்பூவரசு ரோடோடென்ட்ரான் இனம். இலை தடித்து நீண்டிருக்கும், பூ கொத்தாகச் சிவந்திருக்கும். இதன் இலையிலும் பூவிலும் கிரயானோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. தின்ற ஆடு சில மணி நேரத்தில் எச்சில் வடிக்கும், வாந்தி எடுக்கும், பல்லைக் கடிக்கும், தள்ளாடிப் படுத்துவிடும். இதயத் துடிப்பு குறைந்து இறப்பதும் உண்டு.

குடும்பத்தை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம். ஸ்காட்லாந்து மலைகளில் ஆடுகள் மேயும் ஹெதர் புதரும் காட்டுப்பூவரசின் குடும்பம்தான். அங்கே அது தீவனம், இங்கே இது நஞ்சு. அந்த ஹெதர் பெயரிலும் குழப்பம் உண்டு. கல்லூனா வல்காரிஸ் என்பதே ஹெதர். எரிகா இனச் செடிகளை ஹீத் என்பார்கள். பேச்சு வழக்கில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வதுண்டு. நம் நர்சரிகளில் 'மெக்சிகன் ஹெதர்' என்று விற்கும் ஊதாப்பூச் செடியோ இரண்டும் இல்லை. அது மருதாணிக் குடும்பம்.

பணியில் சேர்ந்த புதிதில் நானும் பெயரை நம்பித் தவறாகக் குறித்துக்கொண்டவன்தான். அன்றிலிருந்து இலை, பூ, காய் மூன்றையும் பார்க்காமல் பதில் சொல்வதில்லை. நீங்களும் புதுத் தழை என்றால் பூவோடு ஒரு கிளையைக் கொண்டுபோய்க் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

தவறித் தின்றுவிட்டால் உடனே மருத்துவரை அழையுங்கள். தின்ற தழையையும் காட்டுங்கள். எண்ணெய், கஷாயம் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். வாந்தி எடுக்கும் ஆட்டுக்கு அது நுரையீரலில் இறங்கிவிடும்.

கோடைக்கு வரப்போரம் கினியாப்புல் கரணை நட்டு வையுங்கள். பசியோடு இருக்கும் ஆடுதான் கண்டதையும் கடிக்கும். காலையில் கொஞ்சம் புல் போட்டு, அதன்பின் மேய்ச்சலுக்கு விடுங்கள்.