தபாற்குறியும் கத்தரிக்கோலும்

முத்திரை சேகரிப்போருள் ஒரு சாரார் முத்திரையை விடுத்து, அதன்மீது தபாற் கந்தோரிற் குத்தப்படும் சீலை, அதாவது தபாற்குறியைச் சேகரிக்கின்றனர். இச்சேகரிப்பிற் பழைய பிரித்தானியத் தபாற்குறிகள் முதன்மையானதோர் இடத்தைப் பெறுவன. இதனைக் குறித்து இருவேறு கருத்துக்கள் நிலவுகின்றன. கற்றோர் பலர் இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென ஒதுக்குவர். சேகரிப்போர் பலரோ அருமைக்கும் விலைக்கும் ஏற்ப அடுக்கி வைக்கத்தக்க ஒரு செல்வமாக இதனைக் கொள்வர். இவ்விரு கருத்துக்களும் தவறானவை என்பதும், இரண்டும் சேர்ந்து பெறுமதி மிக்க ஒரு வரலாற்றுச் சான்றினை அழித்து வந்துள்ளன என்பதுமே இக்கட்டுரையின் வாதமாகும்.

முதலில் முத்திரைக்கும் தபாற்குறிக்குமுள்ள வேறுபாட்டினைத் தெளிதல் வேண்டும். முத்திரை, பணம் செலுத்தியமைக்கான அத்தாட்சி. அஃது ஒரே வடிவில் இலட்சக்கணக்கில் அச்சிடப்படுவது. தபாற்குறியோ ஒரு செயலின் பதிவு. இன்ன ஊரில், இன்ன நாளில், இக்கடிதம் தபாற்காரரின் கைக்கு வந்தது என்பதனை அது கூறுகின்றது. முத்திரை 1840ஆம் ஆண்டிலேதான் பிரித்தானியாவிற் பிறந்தது. தபாற்குறியின் வரலாறு அதற்கு ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் முற்பட்டது.

1661ஆம் ஆண்டில், அப்போது தபால் மா அதிபராகவிருந்த ஹென்றி பிஷப் என்பார், லண்டனுக்கு வரும் கடிதங்களின் மீது ஒரு சிறு வட்டக் குறியினைப் பதிக்கும் வழக்கத்தைத் தொடக்கினார். வட்டம் குறுக்குக் கோட்டினால் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அதிலே மாதத்தைக் குறிக்கும் ஈரெழுத்துக்களும் நாளைக் குறிக்கும் இலக்கமும் இருந்தன, ஆண்டு இல்லை. இதன் நோக்கம் யாது? கடிதங்கள் தாமதமாகின்றன என்ற முறைப்பாடு எழுந்தது. கடிதம் கந்தோருக்கு வந்த நாள் அதன்மீதே பதிந்துவிடின், அதனைக் கொண்டு செல்வோர் எவரும் இடையில் நிறுத்தி வைக்கத் துணியார் என்பது பிஷப்பின் எண்ணம். ஆகவே, தபாற்குறி அலங்காரமாகப் பிறந்ததன்று. தொழிலாளியின் நேரத்தைக் கண்காணிக்கும் கருவியாகவே அது பிறந்தது. ஆலைச் சங்கு ஊதுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தபாற்காரனின் தலைமேல் கடிகாரம் ஏறிவிட்டது.

1680இல் வில்லியம் டொக்ரா என்பார் லண்டன் நகருக்குள் ஒரு பெனிக் கட்டணத்திற் கடிதம் சேர்ப்பிக்கும் தனியார் தபாற் சேவையொன்றினைத் தொடக்கினார். கட்டணம் முற்கூட்டியே செலுத்தப்பட்டதைக் காட்ட ஒரு முக்கோணக் குறியும், கடிதம் ஒப்படைக்கப்பட்ட மணியைக் காட்ட வேறொரு குறியும் அதிற் பதிக்கப்பட்டன. இச்சேவை வெற்றி பெற்றது. அதுவே அதன் குற்றமுமாயிற்று. தபால் வருமானத்திற்கு உரித்துடையவராயிருந்த யோர்க் கோமகனின் ஏகபோகத்தை மீறியது என்ற வழக்கின் பேரில் 1682இல் அது டொக்ராவிடமிருந்து பறிக்கப்பட்டு அரசின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. டொக்ராவின் முக்கோணம் இன்று மிக அருமையானது. விலைப்பட்டியலில் அதற்கு உயர்ந்த இடமுண்டு. ஆனால் அதன் உண்மையான பெறுமதி, தனியார் முயற்சி, அரச ஏகபோகம், அரண்மனை வருமானம் என்னும் மூன்றும் மோதிய தருணத்தின் சான்று அஃது என்பதிலேயே தங்கியுள்ளது.

இவ்வாறே, 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்காலத்துக் குறிகளில் ஊர்ப் பெயருடன் லண்டனிலிருந்து அவ்வூர் எத்தனை மைல் என்பதும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தூரத்தையும் தாளின் எண்ணிக்கையையும் கொண்டு கட்டணம் கணிக்கப்பட்ட காலம் அது. பெரும்பாலும் அதனைச் செலுத்தியவர் கடிதத்தைப் பெற்றவரே. ஸ்கொத்லாந்திலோ அரைப் பெனி மேலதிகம் எனக் காட்டும் ஒரு குறி 1813 முதல் 1839 வரை வழங்கியது. தபால் வண்டிகள் தெருச் சுங்கம் கொடாமற் சென்று வந்த சலுகை அந்நாட்டில் 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதனாலேற்பட்ட செலவு, இரண்டு சில்லுக்கு மேற்பட்ட வண்டியிற் சென்ற கடிதங்களின் மேல் ஏற்றப்பட்டது. தெருக்களைப் பராமரிப்போருக்கும் தபாற் பகுதிக்கும் இருந்த பிணக்கினைச் சாதாரண மனிதன் அரைப் பெனி அரைப் பெனியாகத் தீர்த்தான் என்பதற்கு அச்சிறு குறியே சாட்சி. இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென்பார், பொருளாதார வரலாறு எங்கிருந்து எழுதப்படுகின்றது என நினைக்கின்றனரோ அறியோம்.

இனிக் கத்தரிக்கோலின் கதைக்கு வருவோம். தபாற்குறி சேகரிப்போர் நெடுங்காலமாகக் கையாண்ட முறை, குறி விழுந்த பகுதியைச் சதுரமாக வெட்டியெடுத்து அல்பத்தில் ஒட்டுவதாகும். இடம் மிச்சமாகும், வரிசையும் அழகாயிருக்கும். ஆனால் வெட்டப்படுவது யாது என்பதைச் சிந்தித்தல் வேண்டும். 1840க்கு முன்னர் உறை வழக்கில் அரிது. உறையும் ஒரு தாளாகக் கணக்கிடப்பட்டுக் கட்டணத்தைக் கூட்டியது. ஆதலின், எழுதிய தாளையே மடித்து, அரக்கிட்டு, புறத்தே விலாசம் எழுதினர். அக்காலத்துக் குறியை வெட்டுபவன் உறையை வெட்டவில்லை, கடிதத்தையே வெட்டுகின்றான். மறுபக்கத்தில் எழுத்திருப்பின் அதுவும் அவனது சதுரத்தோடு போய்விடுகின்றது.

1840க்குப் பிற்பட்ட குறிகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. முதல் முத்திரையாகிய கறுப்புப் பெனி முத்திரையை மீளப் பயன்படுத்தாது தடுக்க, மோல்ட்டாச் சிலுவை எனப்படும் குறியொன்று சிவப்பு மையினாற் குத்தப்பட்டது. அம்மையை எளிதில் அகற்றலாமெனக் கண்டதும், 1841இல் முத்திரை சிவப்பாகவும் மை கறுப்பாகவும் மாற்றப்பட்டன. பின்னர் 1844இல் ஒவ்வொரு தபாற் கந்தோருக்கும் ஓர் இலக்கம் வழங்கப்பட்டது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நீள்வட்டம், ஸ்கொத்லாந்துக்குச் செவ்வகம், அயர்லாந்துக்குச் சாய்சதுரம் என வடிவங்கள் வகுக்கப்பட்டன. 498 எனில் மன்செஸ்டர். 466 எனில் லிவர்பூல். செவ்வகத்துள் 159 எனில் கிளாஸ்கோ. 131 எனில் எடின்பரோ. ஆயின் இக்குறிகளிலே திகதி இல்லை. திகதி காட்டும் குறி கடிதத்தின் பின்புறத்திலே தனியாகக் குத்தப்பட்டது. இரண்டினையும் ஒருங்கிணைத்த குறிகள் 1853 முதற்கொண்டே வழக்கிற்கு வரலாயின. ஆகவே, இலக்கத்தைச் சதுரமாக வெட்டியெடுத்தவர் ஊரை வைத்துக்கொண்டு காலத்தைக் குப்பையில் இட்டவராகின்றார். காலமற்ற சான்றினை வைத்து வரலாற்று மாணவன் யாது செய்வான்?

அன்பர் ஒருவர் தமது அல்பத்தை ஒருமுறை எமக்குக் காட்டினார். பக்கத்துக்கு இருபதாகச் சதுரங்கள் இலக்க வரிசையில் ஒட்டப்பட்டிருந்தன. எந்த ஆண்டுக்குரியவை, எங்கே போய்ச் சேர்ந்தன என வினவினோம். வரிசையில் எத்தனை இலக்கங்கள் இன்னும் குறைகின்றன என்பதையே அவர் விடையாகக் கூறினார். அவரது உழைப்பினை நாம் இகழவில்லை. அவ்வுழைப்பு முழுவதும் விடையளிக்க முடியாத சதுரங்களை உண்டாக்குவதிற் செலவாயிற்றே என்பதே நமது கவலை.

குறியும் கடிதமும் ஒன்றையொன்று பிரிந்தால் யாது நிகழும் என்பதற்கு ஒரு கொலை வழக்கே உதாரணமாகும். 1857 மார்ச் 23ஆம் நாள் கிளாஸ்கோவில் எமில் லாஞ்சலியே என்னும் எழுதுவினைஞர் ஆசனிக் நஞ்சினால் இறந்தார். அவருடைய காதலியான மடலின் ஸ்மித் என்னும் இளம்பெண் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. அவள் எழுதிய கடிதங்களே வழக்கின் அடிப்படை. ஆனால் அவற்றுட் பலவற்றிலே திகதி இல்லை. கிழமை மாத்திரமே இருந்தது. எனவே உறைகளின் மீதிருந்த தபாற்குறிகளைக் கொண்டே நாட்களை நிறுவ வேண்டியதாயிற்று. சில குறிகள் தெளிவற்றிருந்தன. கண்டெடுத்தபோது எந்தக் கடிதம் எந்த உறைக்குள் இருந்தது என்பதனைப் பொலிசார் கவனமாகப் பதிந்தனரா என்ற ஐயத்தை எதிரியின் வழக்கறிஞர் எழுப்பினார். கொலைக் குற்றச்சாட்டிலே, அக்காலத்து ஸ்கொத்லாந்துச் சட்டத்திற்குரிய 'நிரூபிக்கப்படவில்லை' என்னும் தீர்ப்பு வழங்கப்பட்டது. உறையும் கடிதமும் ஒன்றாயிருந்தனவா என்னும் கேள்வி ஓர் உயிரோடு தொடர்புற்றது. நீதிமன்றம் இத்துணைக் கவனமாக நோக்கிய தொடர்பினைச் சேகரிப்பவர் ஒரு கத்தரிக்கோலால் அறுத்து விடுகின்றார்.

பட்டியல்கள் குறித்தும் கூற வேண்டியதுண்டு. தபாற் பகுதியின் ஆவணக் காப்பறையிற் பணியாற்றிய ஜோன் ஹென்டி 1905இல் வெளியிட்ட ஆதிப் பிரித்தானியத் தபாற்குறிகள் பற்றிய நூலும், அல்கொக், ஹொலன்ட் ஆகிய இருவரும் 1940இல் வெளியிட்ட பெரும் பட்டியலும் இத்துறையின் அடிக்கற்கள். 1936இல் தபால் வரலாற்றுச் சங்கமும், 1958இல் பிரித்தானியத் தபாற்குறிச் சங்கமும் தோன்றின. முழுக் கடிதத்தையும் பேண வேண்டுமென்ற உணர்வு இவ்வட்டாரங்களிலேயே வளர்ந்தது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். நமது கண்டனம் விலையையும் அருமையையுமே அச்சாகக் கொண்டு சுழலும் பட்டியல்களைப் பற்றியது.

அருமை என்பது எதனைக் காட்டுகின்றது? ஒரு குறி எத்தனை முறை குத்தப்பட்டது என்பதையன்று. அது விழுந்த கடிதங்களுள் எத்தனை எஞ்சின என்பதை மாத்திரமே காட்டுகின்றது. எஞ்சுவன யாருடைய கடிதங்கள்? வங்கிகளும் வழக்கறிஞர்களும் வணிக நிறுவனங்களும் கடிதங்களைக் கட்டிக் கட்டி வைத்தன. ஆலைத் தொழிலாளியின் மகள் தாய்க்கு எழுதிய கடிதம் அடுப்பிற்குப் போயிற்று. 1839இல் ஏறத்தாழ 7 கோடி 60 இலட்சமாயிருந்த கடிதத் தொகை, ஒரு பெனித் தபால் வந்த 1840இல் ஏறத்தாழ 17 கோடியாக உயர்ந்தது. அவ்வுயர்விலே புதிதாகச் சேர்ந்த எளியோரின் குரல் நமது அல்பங்களில் எத்துணை? ஆகவே, அருமை வரிசையைப் பயன்பாட்டின் வரிசையாகக் கொள்வது, காப்பாற்றும் வசதியுடையோரையே சமூகம் முழுவதுமாகக் கொள்வதாகும். அவ்வாறே, 'அறியப்பட்ட முதற் திகதி' என்பது எவரேனும் கண்ட முதற் திகதியே; குறி வழங்கப்பட்ட நாளன்று. கந்தோர்களுக்கு அனுப்புமுன் குறிகளின் பிரதிகளைப் பதிந்து வைத்த ஏடுகள் லண்டன் தபால் அருங்காட்சியகத்தில் உள. இவ்விரு வகைத் திகதிகளையும் வேறுபடுத்தாத பட்டியல் மாணவனை வழிதவறச் செய்யும்.

அடுத்து ஒரு தடை எழுப்பப்படலாம். ஏகாதிபத்தியத்தின் சீல்களை நாம் ஏன் ஆராய்தல் வேண்டும்? நமக்கென வரலாறு இல்லையா? இவ்வினாவில் நியாயம் உண்டு. எனினும் அதன் முடிபு பிழையானது. ஆண்டவன் விட்டுச் சென்ற ஏடுகளை ஆராயாமல் ஆளப்பட்டவனின் வரலாற்றினை எழுத முடியாது. மேலும், தபாற்குறி தேசப்படம் மறைப்பதையும் காட்டுகின்றது. எழுத்தும் இலக்கமும் சேர்ந்த குறிகள் பிரித்தானியாவிற்கு வெளியே வழங்கின. A25 மோல்ட்டாவிற்கும், A26 ஜிப்ரால்ட்டருக்கும், B62 ஹொங்கொங்கிற்கும் உரியவை. இவை குடியேற்றங்கள், வியப்பில்லை. ஆனால் B01 எகிப்தின் அலெக்சாந்திரியா. C38 பெரு நாட்டின் கல்லாவோ. C51 அக்காலத்தில் டென்மார்க்கிற்குச் சொந்தமாயிருந்த சென் தோமஸ் தீவு. இவ்விடங்களிற் பிரித்தானியக் கொடி அரசக் கொடியாகப் பறக்கவில்லை. எனினும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கெல்லாம் பிரித்தானிய முத்திரை ஒட்டப்பட்டு, பிரித்தானியக் குறி குத்தப்பட்டது. தேசப்படத்திற் செந்நிறம் பூசப்படாத துறைமுகங்களையும் கப்பற் தபாலும் வணிகமும் எவ்வாறு பிணைத்து வைத்திருந்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? இலங்கையிலிருந்து கப்பலேறிய கடிதங்களும் ஆங்கிலத் துறைமுகங்களிற் கப்பற் கடிதம் என்னும் குறியைத் தாங்கின. அவற்றின் திகதிகளை வைத்து, கொழும்பின் செய்தி லண்டனை அடைய எத்தனை மாதங்கள் சென்றன எனக் கணிக்கலாம். ஆனால் அதற்குப் புறப்பட்ட குறியும் சேர்ந்த குறியும் ஒரே தாளில் இருத்தல் வேண்டும். சதுரம் அதனைச் சொல்லாது.

இவ்வேடு இனி வளரப் போவதுமில்லை. 1838இல் ஓடும் புகையிரதப் பெட்டியிலேயே கடிதம் பிரிக்கத் தொடங்கிய பிரித்தானியப் பயணத் தபாற் சேவை 2004இல் நிறுத்தப்பட்டது. அந்நாட்டின் பெரும்பாலான கடிதங்களில் இன்று சிற்றூரின் பெயரன்றி, பல ஊர்களின் கடிதங்கள் குவியும் பெருநிலையத்தின் பெயரே இயந்திரத்தாற் பதிக்கப்படுகின்றது. இருப்பதைக் காப்பது தவிர வேறு வழியில்லை.

ஆகவே நாம் வற்புறுத்துவன மூன்று. ஒன்று, முழுதாயுள்ள எந்தக் கடிதத்திலிருந்தும் குறியை வெட்டுதல் கூடாது. இரு பக்கங்களையும் ஒரு நொடியிற் படம் பிடிக்கக்கூடிய இக்காலத்தில் அதற்கு எத்தகைய சமாதானமும் இல்லை. இரண்டு, பட்டியலின் அலகு குறியாக இராது கடிதமாக இருத்தல் வேண்டும். எழுதியவர், பெற்றவர், புறப்பட்ட குறி, இடைக் குறிகள், சேர்ந்த குறி, கையால் எழுதிய கட்டணம் ஆகிய அனைத்தும் ஒருங்கே பதியப்படுதல் வேண்டும்; விலையைக் கடைசியில் எழுதினாலும் போதும், எழுதாது விட்டாலும் குறைவில்லை. மூன்று, பல்கலைக்கழகத்தார் இத்துறையைக் கண்டு நகைப்பதை விடுத்து, கல்வெட்டிற்கும் நாணயத்திற்கும் கொடுக்கும் இடத்தில் ஒரு சிறு பகுதியையேனும் இதற்கு ஒதுக்குதல் வேண்டும். நாணயம் சேகரிப்போரையும் ஒரு காலத்தில் உலகம் பொழுதுபோக்காளர் என்றே கருதியது. இன்று நாணயமின்றிப் பண்டைய வணிக வரலாறு எழுதுவார் இலர்.

கற்றோர் ஒதுக்கியதனாலேயே இச்சான்று விலை பேசுவோர் கையிற் சிக்கியது. விலை பேசுவோர் கையிற் சிக்கியதனாலேயே கற்றோர் அதனை மேலும் ஒதுக்கினர். இச்சுழலை அறுக்க வேண்டிய பொறுப்பு முதலிற் கற்றோருடையதே.