கடகடவுக்கு ஒரு கடுதாசி

எஞ்சின் சத்தம் டாக்டரைப் பார்த்ததும் காணாமல் போகிற வயிற்றுவலி மாதிரி. வீட்டு வாசலில் கடகடவென்று ஊரைக் கூட்டும். சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் நிறுத்தினால் பரம சாது.

எங்கள் பவானி மேட்டூர் ரோட்டுப் பட்டறை அண்ணன் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். "சாயங்காலமே வண்டியக் கொண்டாந்து உட்டுட்டுப் போங்க. காத்தால நானே ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறனுங்க." ராத்திரி முழுக்க எஞ்சின் ஆற வேண்டும். முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி கடகடத்துவிட்டு அடங்கினால், டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் மேல் சந்தேகம். ஆயில் பிரஷர் ஏறும்வரை செயின் தொளதொளவென்று ஆடும். நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்டுவிட்டு, "டென்ஷனருதானுங்க" என்றார்.

கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ (பெயர் வேண்டாமே), "எல்லா வண்டியிலும் இப்படித்தான் சார், நார்மல்!" என்றார்கள். எனக்குப் பொறி தட்டியது. எல்லா வண்டியிலும் இருந்தால் கம்பெனிக்கும் தெரிந்திருக்குமே?

தெரியும். அப்படித் தெரிந்ததை டீலர்களுக்குக் கடுதாசியாக அனுப்புவார்கள். 'டெக்னிக்கல் சர்வீஸ் புல்லட்டின்' என்று பெயர். என்ன சத்தம், எந்த நம்பர் வண்டிகளில், என்ன காரணம், எந்தப் புது பார்ட் போட வேண்டும் - எல்லாம் இருக்கும். ரீகால் என்றால் பேப்பரில் வரும். இது டீலர் வாசலைத் தாண்டாது.

அமெரிக்காவில் தாண்டுகிறது. 2012-ல் வந்த சட்டப்படி, இந்தக் கடுதாசிகளை அரசாங்கமே இன்டர்நெட்டில் போட வேண்டும். யாரும் படிக்கலாம். ஒரே எஞ்சின் பல தேசங்களில் பல பெயர் கார்களில் ஓடுகிறதல்லவா? என் வண்டி எஞ்சினின் வெளிநாட்டுச் சகோதரனுக்கு வந்த புல்லட்டின் கிடைத்தது. அண்ணனிடம் காட்டினேன். "நாஞ் சொன்னதத்தானுங்க இங்கிலீசுல எழுதீருக்கான்!" (ஆனால் எஞ்சின் நம்பரும் பார்ட் நம்பரும் ஒத்துப்போகாமல் எதையும் வாங்கிவிடாதீர்கள். சகோதரன் சட்டை எல்லோருக்கும் சேராது.)

நம் ஊரிலும் சண்டை நடக்காமலில்லை. வெளி மெக்கானிக்குகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ், பழுது பார்க்கும் கருவி, விவரம் எதுவும் தராமல் கதவடைத்ததாக 14 கார் கம்பெனிகளுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் போட்ட அபராதம் 2,500 கோடிக்கு மேல். கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'ரைட் டு ரிப்பேர்' என்று ஓர் இணையதளம் திறந்தது. அதன் பட்டியலில் காரும் உண்டு. ஆனாலும் ஸ்குரூ டிரைவரைக் காதில் வைக்கிற மனிதருக்குக் கடுதாசி தானாக வந்து சேருவதில்லை.

ஆகவே ஒன்று செய்யுங்கள். காலைச் சத்தத்தை செல்போனில் பதிவு செய்து வையுங்கள். "இந்தச் சத்தத்துக்கு புல்லட்டின் வந்திருக்கா?" என்று கேட்டு, ஜாப் கார்டில் எழுத வையுங்கள். வாரண்டி இருக்கும்போதே செய்யுங்கள். ஏனென்றால் வாரண்டி முடிகிற அன்று வரைக்கும்தான் அது 'நார்மல்'. மறுநாள் காலையில், "எஞ்சினை இறக்கணும் சார்!"