உம்மம்மாவின் கரிக்கோடும் ஒரு விஞ்ஞானியின் தராசும்



போன மாதம் பக்கத்து வீட்டு ராத்தா ஒரு முறைப்பாட்டோடு வந்தார். வாழ்வாதார உதவியாக அவருக்குப் பத்து மண்ணிறப் பேடுகள் கிடைத்திருந்தன. தீனைப் போட்டால் நாள் தவறாமல் முட்டை. திருநெல்வேலிச் சந்தைக்குப் போகும் செலவு கையோடு வந்தது. "இந்த இனத்தையே பெருக்கிவிடுவோம்" என்று எண்ணி, தம் ஊர்க்கோழி அடைக்குக் குந்தியபோது அந்தப் பேடுகளின் முட்டைகளை அதன் வயிற்றின் கீழ் வைத்தார். இருபத்தொரு நாளில் குஞ்சுகள் பொரித்தன, வளர்ந்தன. அதன் பிறகுதான் பிரச்சினை.

"ஒண்டும் தாயைப் போல இல்லை. ஒண்டு கிழமைக்கு இரண்டு முட்டை போடுது. இன்னொண்டு அடையெண்டு குந்தி நாலாம் நாள் எழும்பிப் போகுது. என்னை ஏமாத்திப் போட்டாங்களோ?"

யாரும் ஏமாற்றவில்லை. அந்த மண்ணிறப் பேடு ஒரே வழியில் வந்த கோழி அன்று. கம்பனிக்காரர்கள் தனித்தனியாக வளர்த்து வரும் வழிகளை, பெரும்பாலும் நான்கினை, ஒரு குறிப்பிட்ட முறையில் சேர்த்து எடுக்கும் கலப்புப் பிள்ளை அது. அந்த மூலக்கோழிகள் அவர்களின் கையிலேயே இருக்கின்றன. நமக்குக் கிடைப்பது கடைசிப் பிள்ளை மட்டும். தாய் தன்னிடம் உள்ள பரம்பரை அலகுகளில் பாதியைத்தான் குஞ்சுக்குக் கொடுக்கிறது, அதையும் ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒவ்வொரு விதமாகக் கலைத்துக் கொடுக்கிறது. மற்றப் பாதி ராத்தாவின் முற்றத்துச் சேவலுடையது. எட்டுக் குஞ்சு எட்டு விதமானதில் வியப்பில்லை.

இதைச் சொன்னபோது எனக்கு உம்மம்மாவின் நினைவு வந்தது. சோனகத் தெருவில் அவருடைய வளவில் எப்போதும் ஆறேழு கோழிகள் நிற்கும். அடைக்கு வைக்கும் முட்டையில் கரியால் ஒரு கோடு போடுவார், புதிதாக இட்ட முட்டை அதில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக. இடி முழங்கினால் முட்டை கூழாகிவிடும் என்று பழங்கடகத்தில் ஓர் இரும்புத் துண்டும் வைப்பார். இரும்பை விட்டுவிடுங்கள். எந்தக் கோழியின் முட்டையை வைப்பது என்பதில்தான் அவருடைய கெட்டித்தனம் இருந்தது. அதிகம் இடுகிற கோழியை அவர் தேடவில்லை. போன தடவை பருந்துக்கும் கீரிக்கும் கொடுக்காமல் எத்தனை குஞ்சை ஆளாக்கியது என்று பார்த்துத்தான் தெரிவு செய்வார். பத்துப் பொரித்து மூன்றை வளர்த்த கோழி கறிச்சட்டிக்கு. ஏழு பொரித்து ஆறை வளர்த்த கோழியின் முட்டை அடுத்த அடைக்கு.

1990 ஒக்ரோபரில் எல்லோரும் ஊரை விட்டு வெளியேற வேண்டி வந்தபோது அவர் கூட்டைத் திறந்துவிட்டு வந்தார். முப்பது வருஷம் பார்த்துப் பார்த்து எடுத்த வழி அன்றோடு எங்களுக்கு அறுந்தது. காசு கொடுத்து வேறு கோழி வாங்கலாம். அந்தக் கோழியை வாங்க முடியாது.

உம்மம்மா செய்ததைத்தான், தராசும் குறிப்புப் புத்தகமும் வைத்துக்கொண்டு, ஒருவர் தம் வாழ்நாள் தொழிலாகச் செய்தார். பெயர் போல் சீகல். அமெரிக்காவில் இன்று வேர்ஜீனியா ரெக் என்று அழைக்கப்படும் பல்கலைக்கழகத்தில் 1957 ஆம் ஆண்டு சேர்ந்தார். வெள்ளை பிளிமத் றொக் இனத்தின் ஏழு வழிகளைக் கலந்து ஒரு கூட்டம் உண்டாக்கினார். எட்டு வாரம் ஆனதும் ஒவ்வொரு குஞ்சையும் நிறுத்தார். பாரம் கூடியவை ஒரு பக்கம், குறைந்தவை மறு பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக அடுத்த பரம்பரை. வருஷத்துக்கு ஒரு பரம்பரை. மறுபடியும் தராசு, மறுபடியும் தெரிவு. ஐம்பது வருஷத்துக்கு மேலாக நடந்த வேலை இது. ஓய்வு பெற்ற பிறகும் அவர் அதை விடவில்லை. நம் ஊரில் இப்படி ஒருவர் கோழி நிறுத்துக்கொண்டிருந்தால் என்ன பேச்சுப் பேசியிருப்பார்கள் என்று எண்ணினால் சிரிப்பு வருகிறது.

நாற்பது பரம்பரை கடந்தபோது இரு கூட்டங்களின் பாரத்திலும் எட்டு மடங்கு வித்தியாசம் வந்திருந்தது. பின்னர் அது பத்து மடங்கையும் தாண்டியது. ஏழு வழிகளில் தொடங்கிய ஒரே கூட்டத்தின் பிள்ளைகள்தாம் இரண்டும்.

ஆனால் சீகலின் ஆராய்ச்சியில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இந்தக் கணக்கு அன்று. பாரக்கூட்டத்துக் கோழிக்குப் போதும் என்பது தெரியாமல் போயிற்று. கண்டபடி தின்று கொழுக்கும். எட்டு வாரத்துக்குப் பிறகு அளந்து போடாவிட்டால் நோயாளியாகிவிடும். மற்றக் கூட்டத்திலோ தீன் முன்னால் இருந்தும் போதிய அளவு தின்னாமல் சாகும் குஞ்சுகள் உண்டு, முட்டையே இடாத பேடுகளும் உண்டு. சீகல் பசியைத் தெரிவு செய்யவில்லை, பட்டினியையும் தெரிவு செய்யவில்லை. பாரத்தை மட்டுமே பார்த்தார். கேளாமலே மற்றவை கூட வந்தன.

எழுபதுகளில் அவர் வேறொரு தெரிவும் தொடங்கினார். செம்மறியாட்டின் செங்குருதிக் கலங்களைக் கோழிக்குள் செலுத்தி, அதை எதிர்த்துப் பிறபொருளெதிரி கூடுதலாக உண்டாக்கும் கோழிகளை ஒரு கூட்டமாகவும் குறைவாக உண்டாக்குபவற்றை இன்னொரு கூட்டமாகவும் பெருக்கினார். எதிர்ப்புக் கூடிய கூட்டம் பாரத்தில் சிறுத்தது. தின்றதெல்லாம் இறைச்சிக்கே போனால் எதிர்ப்புக்கு மிஞ்சுவது குறைவு என்று இதற்கு ஒரு விளக்கம் உண்டு. வீட்டுச் செலவு பார்க்கும் நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். புறொயிலர் கோழிக்கு ஊசி போட்டு வளர்க்கிறார்கள், பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்காதே என்று நம்மிடையே ஒரு பேச்சு இருக்கிறது. கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தில், 1957 ஆம் ஆண்டின் இனம், 1978 ஆம் ஆண்டின் இனம், 2005 ஆம் ஆண்டின் இனம் மூன்றையும் ஒன்றாக, ஒரே தீன் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 2014 இல் முடிவு வெளியாயிற்று. ஐம்பத்தாறாம் நாள் முதலாவது 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். தீன் ஒன்றுதான், ஆகவே வித்தியாசம் கோழிக்குள் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக நடந்த தெரிவின் விளைவு அது. அதற்காகப் புறொயிலரில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் குஞ்சுகளைத் தரும் தாய்க்கோழிகளைப் பண்ணையில் அரைப்பசியில்தான் வைத்திருக்கிறார்கள், சீகலின் பாரக்கூட்டத்தைப் போலவே. அதுதான் எனக்கு மனதை உறுத்துகிறது.

முட்டைக் கோழியின் கதையும் இதே கதைதான். அடைக்குக் குந்தும் நாட்களில் கோழி முட்டை இடாது. ஆகவே முட்டையின் எண்ணிக்கையைப் பார்த்துத் தெரிவு செய்தவர்கள், அடைக்குக் குந்தும் குணத்தையும் சேர்த்துக் கழித்துவிட்டார்கள். வருஷத்துக்கு முந்நூறு இடும் பேட்டுக்குக் குஞ்சைச் சிறகுக்குள் எடுக்கத் தெரியாது. இயந்திரத்தில் பொரிக்க வைப்பவருக்கு அது நட்டமில்லை. கடகத்தை நம்பியிருக்கும் ராத்தாவுக்கு நட்டம். மண்ணிறப் பேடு முட்டைக்கு நிற்கட்டும். அதன் முட்டையை அடைக்கு வைக்க வேண்டாம், ஊர்க்கோழியின் வழியை அதனோடு கலந்து கரைய விடவும் வேண்டாம் என்று நான் சொன்னது இதனால்தான்.

நம் ஊர்க்கோழியைப் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பிரதீபா சில்வா, சீகல் பணிபுரிந்த அதே வேர்ஜீனியா ரெக் விஞ்ஞானிகளோடு சேர்ந்து 2009 இல் வெளியிட்ட ஆய்வு அது. நாட்டின் ஐந்து பிரதேசத்து ஊர்க்கோழிகளும் எட்டு இலங்கைக் காட்டுக்கோழிகளுமாக 140 பறவைகள். தாய்வழியாக மட்டுமே இறங்கிவரும் பரம்பரைப் பொருளைப் பார்த்தார்கள். நமது தேசியப் பறவையான காட்டுக்கோழியை விட, வெளிநாட்டுச் செங்காட்டுக்கோழிக்கும் இந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழிக்கும்தான் நம் ஊர்க்கோழி நெருங்கிய உறவாம். கண்டறிந்த வேறுபாட்டில் நூற்றுக்கு 92 பங்கு ஒரே பிரதேசத்துக் கோழிகளுக்குள்ளேயே இருந்தது. தெரிவு செய்ய வேண்டியதைத் தேடித் தூர ஊருக்குப் போகத் தேவையில்லை என்றுதான் இதை நான் எடுத்துக்கொள்கிறேன். அடுத்த ஒழுங்கையிலேயே இருக்கலாம்.

ராத்தாவிடம் இப்போது ஒரு பழைய கொப்பி இருக்கிறது. எந்தக் கோழி எத்தனை பொரித்தது, மூன்று மாதத்தில் எத்தனை மிஞ்சியது என்று எழுதுகிறார். சேவல் பிரச்சினை ஒன்றுதான் மிச்சம். அவருடைய சேவல் அந்தக் கோழிகளுக்கே தகப்பன். தகப்பனையும் மகளையும் சேர விட்டால் பொரிப்பும் குறையும், குஞ்சும் நோஞ்சானாகும். என் முற்றத்தில் நிற்கும் செவலைச் சேவல் வேறு வழி, சாவகச்சேரியிலிருந்து வந்தது. வருகிற சனிக்கிழமை இரண்டையும் மாற்றிக்கொள்ளப் பேசியிருக்கிறோம். என் சேவல் கொத்தும் என்று முதலே சொல்லிவிட்டேன், பிறகு முறைப்பாட்டோடு வரக்கூடாது.

கோழிகளைக் கூட்டோடு வாரிக்கொண்டு போகும் இராணிக்கெற் நோய்க்குத் தடுப்பு மருந்து கொடுக்கும் முறையைப் பற்றி, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில்.