உழைப்பு பாதி, காடு பாதி

அமெரிக்க மர வியாபாரி பிரெடெரிக் வேயர்ஹாவுசரை ‘உழைப்பால் உயர்ந்தவர்’ பட்டியலில் சேர்ப்பதில் பாதி நியாயம் உண்டு. 1834-இல் ஜெர்மனியில் பிறந்து, 1852-இல் கப்பலேறிய இளைஞர் அவர். இல்லினாய் மாநிலத்தின் ராக் ஐலண்டில் மரம் அறுக்கும் மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். முதலாளி நொடித்துப்போக, 1860-இல் சகலை டெங்க்மானுடன் கூட்டாக ஒரு மில்லை வாங்கினார். அறுப்பதைவிட மரம் வரும் வழியைப் பிடிப்பதில்தான் லாபம் என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்தது. போட்டி மில்காரர்களை ஒரே கூட்டணியில் சேர்த்து, விஸ்கான்சினின் சிப்பேவா ஆற்றில் மிதந்துவரும் பைன் மரங்களைக் கைக்குள் கொண்டுவந்தார். இதெல்லாம் அவர் சாமர்த்தியம், மறுப்பதற்கில்லை.

மறுபாதிக்கு வருவோம். 1900-இல் அவரும் கூட்டாளிகளும் வாஷிங்டன் மாநிலத்தில் 9 லட்சம் ஏக்கர் காட்டை, ஏக்கர் 6 டாலருக்கு வாங்கினார்கள். விற்றது நார்தர்ன் பசிபிக் ரயில்வே; பேரம் பேசியவர், செயின்ட் பால் நகரில் வேயர்ஹாவுசரின் அண்டை வீட்டுக்காரரான ரயில் அதிபர் ஜேம்ஸ் ஹில். தண்டவாளம் போடுவதற்கென்று அரசு இனாமாகக் கொடுத்த நிலம் அது. அரசுக்கோ, பூர்வகுடிகளை ஒப்பந்தம் போட வைத்து ஒதுக்கியதில் கிடைத்தது. தனிமனிதரின் வியர்வைக்குச் சிலை வைப்பவர்கள், பீடத்தில் அரசின் இனாமையும் இழந்தவர்களின் பெயரையும் சேர்த்தே பொறிக்க வேண்டும். பாதிக் கணக்கை மட்டும் காட்டி ‘நீயும் உழைத்தால் உயரலாம்’ என்று ஏழைக்கு உபதேசிப்பது நேர்மையல்ல.